தொம்மலூரில் வளர்ந்த கடல்புல்

தொம்மலூரில் கடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பெங்களூரில் ஏதம்மா கடல் என்பார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பேன். முதல் வாரம் எனக்கே சிரிப்புத்தான் வந்தது.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. தொம்மலூரின் பழைய ஊர்ப் பகுதியில், ஒரு பக்கம் மாட்டுக் கொட்டகையும் மறுபக்கம் எழும்பிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக் கட்டடமுமாக இருந்த தெருவில், ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம்தான் எங்கள் ஆய்வகம். ஹால் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். அடியில் ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து வந்த மண், அதன்மேல் அங்கிருந்தே டிரம்களில் வந்த உப்புத் தண்ணீர், மண்ணில் நட்ட கடல்புல். பார்க்க ஒன்றும் பிரமாதமாக இருக்காது. நாற்றங்கால் ஒன்று தவறிப்போய்த் தண்ணீருக்குள் விழுந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் பால் ஊற்ற வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, மீன் எங்கே என்று கேட்டார். மீன் இல்லை, புல்தான் என்றேன். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் இரக்கமாகத் தலையாட்டுவார்.

அதற்கு முன் நான் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகள் உடைத்த சோதனைக் குழாய்களைப் பெருக்கிப் பெருக்கி வயது நாற்பதை நெருங்கியிருந்தது. காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மாடியில் ஒற்றை அறை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அதில் நான் மட்டும். தம்பி துபாயில் இருந்தான். கிறிஸ்துமஸுக்குக் கார்டு வரும். கல்யாணப் பேச்சு எடுக்க யாரும் இல்லை, எடுத்திருந்தாலும் நான் கடித்திருப்பேன். கடலை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவில், மெரினாவில். அலையைவிடக் கூட்டம்தான் ஞாபகம் இருக்கிறது.

இந்தப் புல் எதற்கு பெங்களூருக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கரையில் ஒரு சின்னக் குடா. விசைப்படகுகள் இழுவைமடி வலை போட்டுப் போட்டு அதன் அடித்தரையையே சீவி எடுத்துவிட்டிருந்தன. புல் போயிற்று. புல்லை நம்பியிருந்த நண்டும் மீன்குஞ்சும் போயின. கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காததால் புல் தானாக முளைக்கவும் இல்லை. பக்கத்தில் ஓர் ஓரமாக மட்டும் கொஞ்சம் தப்பியிருந்தது. அதிலிருந்து சில நாற்றுகளை எடுத்து, எவ்வளவு வெளிச்சம் இருந்தால் பிழைக்கும், எவ்வளவு சேறு தாங்கும் என்று பார்த்து, பெருக்கி, திரும்பக் கொண்டுபோய் நடுவது திட்டம். அதைக் கடலோரத்திலேயே செய்யாமல் இங்கே ஏன் செய்தார்கள் என்றால், வெளிச்சத்தை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டத்தை நடத்திய பேராசிரியர் காரணம் சொன்னார். அவர் வீடு இந்திராநகரில் இருந்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

பேராசிரியர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். திட்டத்தை அவர் மட்டும் முடிவு செய்யவில்லை. கரையில் ஒரு குழு இருந்தது. கடலில் மூழ்கிப் பாசி எடுத்து விற்கிற பெண்கள், நாட்டுப்படகுக்காரர்கள், விசைப்படகு சங்கத்து ஆள், மீன்வளத் துறை அதிகாரி, எங்கள் ஆட்கள் எல்லாரும் அதில் உண்டு. பல மாதம் உட்கார்ந்து சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தார்கள். குடாவுக்குள் யாரும் மடி இழுப்பதில்லை, பெண்கள் அங்கே பாசி பிடுங்குவதில்லை. புல் பிடித்தால் அப்படியே தொடரும். பிடிக்கவில்லை என்றால் குடாவைத் திரும்பத் திறந்துவிட வேண்டும் என்று விசைப்படகு சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது.

பாசி எடுக்கும் பெண்களும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். எங்கள் கடலிலிருந்து உயிரைப் பிடுங்கிக்கொண்டு மலைமேல் இருக்கிற ஊருக்குக் கொண்டுபோகிறீர்கள், அது எப்படி இருக்கிறது என்று வாரா வாரம் எங்களுக்குத் தெரிய வேண்டும். புல் திரும்பி வந்து வேர் பிடிக்கிற வரைக்கும் சொல்ல வேண்டும். பேராசிரியர் சம்மதித்தார். கேட்பதற்கு அவர்களில் ஒருத்தியை நியமித்தார்கள். சொல்வதற்கு, தமிழ் தெரிந்தவள் என்று, என்னை நியமித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் அவர்கள் கடலில் இறங்காத நாள். எனவே காலைப் பூசை முடித்து, மாதா கோயில் வாசலில் ஆளுக்கு ஆள் விசாரித்துக்கொண்டு நிற்பவர்களைத் தாண்டி, அல்சூரில் பஸ் மாறி நான் தொம்மலூர் வந்துவிடுவேன். வெளியூருக்குக் கூப்பிட முடியாதபடி ஆபீஸ் போனுக்கு எஸ்.டி.டி. பூட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்காக அதன் சாவியை என்னிடம் கொடுத்திருந்தார்கள். அவள் ஊரிலிருக்கும் போன் பூத்திலிருந்து ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவாள். நான் பூட்டைத் திறந்து அந்த பூத்துக்குத் திருப்பிக் கூப்பிடுவேன். பூத்காரர் எடுத்து, "அக்கா, பெங்களூரு" என்று கத்துவது கேட்கும்.

முதல் பேச்சே தகராறில் ஆரம்பித்தது. முதல் தடவை நாற்றுகளை ரயிலில் அனுப்பியிருந்தார்கள். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சலை வாங்கி ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்தேன். நண்டும் இறாலும் அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. எவ்வளவு அக்கறையாகக் கட்டியிருந்தார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன். ஓர் அடுக்கு புல், ஓர் அடுக்கு நொறுக்கிய ஐஸ், மறுபடி புல், மறுபடி ஐஸ். திறந்தபோது ஐஸ் பாதிகூடக் கரையவில்லை. புல் மட்டும் வேகவைத்த கீரை மாதிரி கறுத்துக் கிடந்தது.

அந்த ஞாயிறு போனில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐஸ் பத்தாமப் போச்சா தங்கச்சி? அடுத்த தடவ கூட ரெண்டு கட்டி ஒடைச்சுப் போடச் சொல்றேன்."

"ஐயோ, ஐஸாலதாங்கா செத்துப்போச்சு. ஐஸே வேணாம். ஈரச் சாக்குல சுத்தி யாராவது கையிலயே எடுத்துட்டு வரணும்."

மெதுவாகச் சொன்னாள். "உசுரோட ஒண்ண அனுப்பி எங்களுக்குப் பழக்கமே இல்லயே ஆத்தா."

அந்தச் சொல்லில் அவள்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. இரண்டாவது தடவை பேராசிரியரே போய், ஈரச் சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அவை பிழைத்தன.

அதற்குப் பிறகு என் நாட்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான். காலையில் வந்ததும் உப்பின் அளவைப் பார்ப்பேன். தொட்டியில் ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். எனவே மேலே ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். குழாயில் வருகிற காவேரியைப் பக்கெட்டில் பிடித்து, குளோரின் வாடை போகும்வரை வைத்திருந்து, குவளை குவளையாக ஊற்றுவேன். அந்த வருடங்களில் காவேரித் தகராறு கிளம்பினால் பஸ்ஸில் நாங்கள் தமிழ் பேசாமல் வாயை மூடிக்கொண்டு வருவோம். இங்கே நான் யாரையும் கேட்காமல் அதே காவேரியைக் கடலில் கலந்துகொண்டிருந்தேன். இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பூத்காரரும் என்னவென்று கேட்டார்.

கரன்ட் போனால் காற்று ஊதும் மோட்டாரை பேட்டரியில் மாற்ற வேண்டும். இலைகளில் படியும் பாசியை விரலால் துடைத்துவிட வேண்டும். ஒரு நாற்று பக்கவாட்டில் வேரை ஓடவிட்டு அடுத்த நாற்றை எழுப்பும்போது அதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். முதல் தடவை பார்த்தபோது யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. வாசல் வரைக்கும் போனேன். மாடு நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

"புள்ளைக எப்படி இருக்குதுக?" என்றுதான் அவள் எப்போதும் ஆரம்பிப்பாள். நான் தொட்டி தொட்டியாகச் சொல்வேன். ஜன்னலோரத் தொட்டி தழைக்கிறது, மூலைத் தொட்டி கொஞ்சம் வாடுகிறது, நடுத் தொட்டியில் இரண்டு புது இலை. எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய் மற்றப் பெண்களிடம் சொல்வாள். அவளும் கரைச் செய்தி சொல்வாள். குடா ஓரம் விசைப்படகு ஒன்று வந்தது, நாட்டுப்படகுக்காரர்கள் போய் மறித்தார்கள், சங்கத்து ஆளே வந்து அபராதம் போட்டான். மிஞ்சிய புல்லை அளக்கப் பேராசிரியர் கொடுத்த இரும்புச் சட்டம் துருப்பிடித்துவிட்டது, இனி கயிற்றைக் கட்டித்தான் அளக்கப்போகிறோம் என்று சாரிடம் சொல்லு. சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சரி என்றார்.

புல் பேச்சு முடிந்த பிறகு வேறு பேச்சு. அவளுக்கு முழங்கால் வலி. மகள் பத்தாவது படிக்கிறாள், கணக்கு வரவில்லை. புருஷன் நல்லவன்தான், ஆனால் வாய் திறக்க மாட்டான். என்னைப் பற்றி அவளுக்குச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஆனாலும் வைப்பதற்கு முன் கட்டாயம் கேட்பாள், "சாப்பிட்டியா?" பெங்களூரில் என்னை அப்படிக் கேட்க வேறு யாரும் இல்லை. திங்கள் முதல் சனி வரை நான் பேசுவது உப்பின் அளவும் பஸ் டிக்கெட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒரு குரல். அந்த அரை மணிக்காகத்தான் மீதி நாட்களை ஓட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எனவே புல் தழைக்கத் தழைக்க எனக்குச் சந்தோஷமும் வந்தது, பயமும் வந்தது. நிபந்தனை எனக்கு மனப்பாடம். புல் திரும்பிப் போய் வேர் பிடிக்கிற வரைக்கும்தான் நான் சொல்ல வேண்டும், அவள் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ரிங் வர ஒரு காரணமும் இல்லை. என் அறையில் போன் கிடையாது. புல் பிழைக்காவிட்டால் குடா திறந்துவிடப்படும், அவள் பிழைப்பு மண்ணாகும். புல் பிழைத்துவிட்டால் எனக்கு அந்தக் குரல் இல்லை. புல் பிழைக்க வேண்டும் என்றுதான் ஜெபித்தேன். ஜெபித்துவிட்டு, கொஞ்சம் மெதுவாகப் பிழைக்கட்டும் ஆண்டவரே என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் மெதுவாக்கவில்லை. அடுத்த வருடம், காற்று அடங்கித் தண்ணீர் தெளியும் பருவம் வந்ததும் நட்டுவிடலாம் என்று குழு முடிவு செய்தது. கொண்டுபோக ஜீப் ஏற்பாடாயிற்று. பேராசிரியர் என்னிடம் வந்து, "ஜீப்பல்லி ஒந்து சீட் இதே, பர்தீரா?" என்றார். ஒரு இடம் இருக்கிறது, வருகிறீர்களா என்று எவ்வளவு சாதாரணமாகக் கேட்டுவிட்டார். வருகிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

ஆனால் ஐஸ் பெட்டியைத் திறந்த அன்றே நான் ஒரு விதி போட்டிருந்தேன். எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றக் கூடாது. ஒரு தொட்டி எப்போதும் இங்கே இருக்க வேண்டும். போனது பிடிக்கவில்லை என்றால் மறுபடி ஆரம்பிக்க விதை வேண்டும். பேராசிரியருக்கு அது பிடித்துப்போய்க் குழுவிலும் சொல்லி எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அந்த ஒற்றைத் தொட்டிக்கு உப்பு பார்க்கவும், கரன்ட் போனால் பேட்டரி மாற்றவும் ஆள் வேண்டும். கோடைகாலம், கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்த ஆள் நான்தான், வேறு யார்? என் விதியே என்னைக் கட்டிப்போட்டது. "இல்ல சார், நான் இங்க இருக்கேன்" என்றேன்.

என் பழைய காட்டன் சேலைகளைக் கிழித்து, உப்புத் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொரு கத்தையாகச் சுற்றினேன். ஜீப் தெருவைத் திரும்பும்வரை நின்றேன். உள்ளே வந்தபோது ஹாலில் ஒரே ஒரு தொட்டியில்தான் காற்று குமிழியிட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவு நாள் அத்தனை மோட்டார்களின் இரைச்சலில் தலைவலிக்கிறது என்று முனகியவள் நான்.

நட்டு முடித்த ஞாயிறு அவள் குரலில் மூச்சு வாங்கியது. "எல்லாத்தையும் எங்க கையாலேயே நட்டோம். நீ வருவேன்னு பார்த்தேன்."

"இங்க ஒரு தொட்டி இருக்குக்கா. விட்டுட்டு வர முடியல."

"அதும் சரிதான். ஒம் சேலத் துண்டெல்லாம் தொவச்சு மடிச்சு வச்சிருக்கேன். நல்ல சேல. வந்து வாங்கிக்க."

வருகிறேன் என்றேன். அதன்பின் சில மாதம் அவள் குடாவைச் சொன்னாள், நான் என் ஒற்றைத் தொட்டியைச் சொன்னேன். ஒரு ஞாயிறு அவள் "புள்ளைக எப்படி" என்று கேட்கவில்லை. நேராகவே சொன்னாள். "வேரு புடிச்சிருச்சு தங்கச்சி. கையால இழுத்துப் பார்த்தேன், வரல. பக்கத்துல புதுசா முளை விட்டிருக்கு. சங்கத்து ஆளக் கூட்டிட்டுப் போயி மூழ்கிப் பார்க்க வச்சோம். கரையேறி, சரி, மூடியே இருக்கட்டும்னு சொல்லிட்டான்."

நான் கைதட்டினேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, யாருமில்லாத ஹாலில் நின்று, நிஜமாகவே கைதட்டினேன். அவளுக்கு அது கேட்டது.

அந்த மாதமே என் தொட்டி இளைக்க ஆரம்பித்தது. எதுவும் தவறவில்லை. உப்பு சரி, வெளிச்சம் சரி, கரன்ட்கூடப் போகவில்லை. பேராசிரியர் வந்து பார்த்தார், மண்ணை மாற்றச் சொன்னார், மாற்றினேன். இலை இலையாக மஞ்சளாகி மிதந்தது. ஒவ்வொரு காலையும் கரண்டியால் அரித்தெடுப்பேன். கடைசி நாற்றையும் எடுத்துப்போட்ட அன்று மோட்டாரை நிறுத்திவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். அவர்களுக்கு அது தேவையில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தேவையாக இருந்தது.

ஞாயிறு ரிங் வந்தது. "புள்ள எப்படி இருக்கு?" என்றாள்.

"இல்லக்கா. போயிடுச்சு."

"அழுவாத. இங்க அம்புட்டு இருக்கே, எல்லாம் ஒங் கைல வளந்ததுதானே. இனிமே நீ கேளு, நான் சொல்றேன்" என்றாள்.

ஆனால் இனி கேட்பதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது? திட்டம் முடிந்தது. தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. ஆபீஸ் சாமான்களைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும், எஸ்.டி.டி. பூட்டின் சாவி உட்பட. அதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வழக்கம்போல பஸ் மாறித் தொம்மலூர் வந்தேன். ஒரு வேலையும் இல்லை. கண்ணாடிகளில் தண்ணீர் நின்ற மட்டத்தில் வெள்ளையாக உப்புக் கோடு இருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ரிங் வரவில்லை. அவள் கூப்பிடும் நேரம் தாண்டிப் போயிற்று. பக்கத்துக் கட்டடத்தில் கம்பி வளைக்கும் சத்தம் நின்றது, வேலையாட்கள் சாப்பிட இறங்கிவிட்டார்கள். நான் பூட்டைத் திறந்து நானே கூப்பிட்டேன். பூத்காரர் எடுத்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டார்.

"பெங்களூருங்களா? அக்கா தண்ணிக்குள்ள நிக்குது. இனிமே ஞாயித்துக்கெழமையும் ஆளுக்கு ஒரு மொற வச்சு புல்லப் பார்க்குறாங்க, இன்னிக்கு அக்கா மொற. நீங்க கூப்பிடுவீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு. புள்ளைக எல்லாம் சொகமா இருக்குதுகளாம்."

ஞாயிற்றுக்கிழமை கடலில் இறங்காதவர்கள், அந்தப் புல்லுக்காக இறங்கியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் பாடுபட்டது இதற்குத்தான். எனக்கு மனசு நிறைந்தது. கூடவே, நாளை சாவியும் போய்விடும், இனி எந்த ஞாயிறும் எனக்காக அவள் பூத்தில் நிற்கப்போவதில்லை என்பதும் புரிந்தது.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டாச்சான்னு கேக்கச் சொல்லுச்சு."

டிபன் டப்பா மேஜைமேல் திறக்காமல் இருந்தது. "ஆச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ராமநாதபுரத்துக்குக் காக்ஸ் டவுனிலிருந்து போவது ஒன்றும் மலையேறுகிற காரியமில்லை. பஸ் இருக்கிறது, ரயில் இருக்கிறது. அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை என்று வருடங்கள் போய்விட்டன. அந்தக் கடலை நான் இன்னும் பார்க்கவில்லை. என் சேலைத் துண்டுகள் அங்கே ஒரு வீட்டில் மடித்தபடி இருக்கின்றன.